முறிந்த தோளோடு நின்றவன்

பியர்பொன்ட்ஸ், மொன்ட்ரியால்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே பனிக்கு ஒரு குறையும் இல்லை. பாரிஸில் நீங்களும் வினோஜா மச்சாளும் சுகம்தானே? என் போனை இவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். பதிலை என் வகுப்புத் தோழி மரி-ரோஸின் விலாசத்துக்குப் போடுங்கள். பிரெஞ்சு வகுப்பு ஒன்றுதான் எனக்கு வெளியுலகம். அதற்கும் இவரே காரில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை முன்வாசலில் காத்திருக்கிறார்.

வகுப்பில் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பேச வேண்டும். ஞாயிறு தவறாமல் உதைபந்தாட்டத்தில் கோலுக்குள் நிற்கிறவர் நீங்கள். உங்களுக்குப் பிடித்த அந்தப் பழைய பந்துக்காப்பாளன் லூசியனைப் பற்றி எழுதுங்கள்.

அண்ணை, இந்த வீட்டை விட்டுப் போக நினைக்கிறேன். அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

தாட்சாயினி

பாரிஸ்
3 பெப்ரவரி

அன்பின் தங்கச்சி,

லூசியன் முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தின ஆள். கையுறை கிடையாது, தலையில் கம்பளித் தொப்பி மட்டும். நாட்டுக்காக ஐந்து ஆட்டம் நின்றான். ஐந்தாவதில் முதல் பாதியிலேயே தோள் முறிந்தது. அந்தக் காலத்தில் வெளியிலிருந்து மாற்று ஆளை இறக்க முடியாது. எட்டு கோல் விழுந்தும், ஒற்றைக் கையோடு கடைசி விசில்வரை நின்றான்.

நீயும் நில்லம்மா. நாங்கள் செய்தது மாற்றுச் சம்பந்தம். றஜிந்தன் உன்னைக் கட்டினான், அவன் தங்கச்சியை நான் கட்டினேன், ஒரே மண்டபத்தில், ஒரே முகூர்த்தத்தில். நீ படி இறங்கினால் அவர்கள் வினோஜாவைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். என் குடும்பம் உன் கையில்தான் இருக்கிறது.

ஸ்ரீதரன்

பியர்பொன்ட்ஸ்
2 மார்ச்

அண்ணைக்கு,

வகுப்பில் லூசியனைப் பற்றிப் பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மரி-ரோஸ் மட்டும் தட்டவில்லை. அவள் ஹெயிட்டிக்காரி, மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் துடுக்கு. “கூட ஆடினவர்களில் ஒருவன் கோலுக்குள் போயிருக்கலாமே? தோள் முறிந்தவனை வெளியே போ என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்று கேட்டாள்.

லூசியன் அதன்பிறகு ஆடவே இல்லை என்றும், அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்றும் ஆசிரியை தேடிப் படித்துச் சொன்னார். நீங்கள் அதை எழுதவில்லையே, அண்ணை. எனக்குக் கோபம் வந்தது. மச்சாளோடு நானே கதைக்கப் போகிறேன்.

தாட்சாயினி

பாரிஸ்
15 மார்ச்

தங்கச்சி,

வினோஜாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. அவள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறாள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்னும் கொஞ்சக் காலம் பொறு.

ஸ்ரீதரன்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்ட்ரியால்
6 ஏப்ரல்

அண்ணைக்கு,

மரி-ரோஸின் போனில் மச்சாளுக்கு எடுத்தேன். நீங்கள் கும்பிட்டுக் கேட்டதால், உங்கள் குடும்பம் குலையும் என்றால் நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

“மச்சாள், நீங்கள் கெதியா வெளிய போங்கோ,” என்றாள் அவள். “நான் போனா உங்களை அங்கை என்ன செய்வினமோ எண்ட பயத்திலைதான் நானும் இஞ்சை இருக்கிறன்.”

அழுதுவிட்டேன். அவளுக்காக நானும் எனக்காக அவளும் இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்திருக்கிறோம். உங்களுக்கோ அவள் சந்தோஷமாகத் தெரிந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இடைவேளையில் பின்வாசலால் வந்துவிட்டேன். இங்கே எனக்கென்று ஒரு அறை கிடைத்திருக்கிறது, சாவியும் என்னிடமே. மச்சாளுக்கும் அன்றே சொல்லிவிட்டேன்.

இது கைக்கு வரும்போது அவள் வீட்டில் இருந்தால், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது கேளுங்கள். இல்லாவிட்டால் தேட வேண்டாம்.

உங்கள் தங்கச்சி
தாட்சாயினி