பிளாப்பிக்குள் இருந்த நீல யானை

தம்பி,

சாப்பாட்டு மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே. "இந்த டப்பாவை எடுக்கலைன்னா நானே தூக்கிப் போட்டுடுவேன்க்கா"ன்னு நேற்று நீ கத்தியதை மறக்கவில்லை. இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்.

இத்தனை நாளாகத் திறக்காமல் படுத்திய அந்தப் பழைய பிளாப்பி டிஸ்க் காலையில் திறந்துவிட்டதடா! சின்ன வயதில் நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த டிவி நிகழ்ச்சியின் நீல யானை, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு திரையில் நடந்து வந்தது. டிவி நிலையத்தில் அந்த நிகழ்ச்சியின் நாடாக்களை எப்போதோ அழித்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இன்னும் பிரதி எடுக்கவில்லை. அதற்கான கேபிள் வாங்கத்தான் கிளம்புகிறேன். அணைத்தால் மறுபடி திறக்குமா என்பது சந்தேகம்.

உன் சாப்பாட்டை அடுப்புமேல் மூடி வைத்திருக்கிறேன். சமையலறையிலேயே சாப்பிடு.

அந்த யானையை அப்போது டிவிக்காக வரைந்த ஓவியர் அம்மா சாயங்காலம் வருவார். நான் வரத் தாமதமானால், திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவை. அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்.

அக்கா

பி.கு: போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண்ணைச் சிமிட்டுதாம்மா?"

"சிமிட்டுதும்மா" என்றேன்.

"சாயங்காலமே வந்துடுறேம்மா" என்றார்.