பாதி நீச்சல்

புத்தூர்
20-6-2001

அன்பு மகள் யமுனாவுக்கு நைனா எழுதுவது. நம் ஊர் அம்மன் கங்கம்மா தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் யஸ்வந்தும் அமெரிக்காவில் அதேபோல் இருக்க வேண்டும். உன் மாமனார் நாராயணசாமியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை, சம்பந்தியின் சுகம் நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது.

கோடை லீவுக்கு ஏரிக்கரையில் நம்மவர்கள் எல்லாரும் கூடி, அடுப்பு மூட்டி, சோளம் சுட்டுத் தின்றதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் நீச்சல் பழக்குகிறேன் என்று இடுப்பளவுத் தண்ணீரில் என் பேரனைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாரே சம்பந்தி, அவருக்கு நீச்சல் எப்போது வந்தது? சித்தூர் டவுனில் குழாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். பிள்ளையின் கையில் காற்றடைத்த பை மாட்டியிருக்கிறது, அது ஓட்டையானால் என்ன கதி? முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் பழக்க வேண்டும், உனக்கு நம் கிணற்றில் அப்படித்தான் பழக்கினேன். இந்த லீவுக்கு வருகிறோம் என்றாயே என்று பந்தலில் ஒரு சுரைக்காயை முற்ற விட்டு, அம்மா குழம்புக்குக் கேட்டும் தராமல், காயவைத்துப் பரண்மேல் வைத்தேன். நீங்கள் வரவில்லை, அவரை அங்கே அழைத்துக்கொண்டீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். முதுகில் கட்டிக்கொண்டு நீங்களே குதியுங்கள் என்று அம்மா கேலி பண்ணுகிறாள்.

போன மாசம் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவன்று இங்கே ஒன்று நடந்துவிட்டது. கூழ் ஊற்றி முடித்துப் பெரியவர்கள் நிழல் பார்த்துப் படுத்துவிட்டோம், வெயில் தாங்காமல் பசங்கள் கிணற்றில் இறங்கியிருக்கிறார்கள். பக்கத்து நிலத்து ரங்கையாவின் பேரன் நடுக்கிணற்றில் கை சோர்ந்து முழுகிவிட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த நம் எதிர்வீட்டுக் கோவர்த்தனன் குதித்து முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான், பிள்ளை பிழைத்துக்கொண்டான். ரங்கையா அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "நீச்சல் தெரியாத பசங்க படிமேலயே குந்திக்கினு இருந்தாங்க. இவனுக்குப் பாதி தெரிஞ்சுது, அதான் எறங்கிட்டான்."

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு இப்போது பாதி பழக்கினால் போதும், மீதியை அடுத்த வருஷம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. காலையில் ரங்கையா பேரனைத் தெருவில் பார்த்தேன், வந்து அதைக் கிழித்துப் போட்டேன். பாதியில் நிறுத்தாதே அம்மா, சம்பந்தியே முழுக்கப் பழக்கட்டும். கூட்டம் கூடும் இடத்தில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்காமல் ஒருத்தர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருங்கள். தின்ற உடனே பிள்ளையை இறக்காதே, வெயிலில் நின்றால் மோர் கொடு.

கங்கம்மா குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன், இட்டுக்கொண்டு தீர்க்காயுசாக இருங்கள், சம்பந்திக்கும் கொஞ்சம் கொடு. யஸ்வந்த் பிடி இல்லாமல் மிதக்கிற அன்றைக்கு எந்நேரமானாலும் போன் பண்ண மறக்காதே. அன்றைக்கு மட்டும் பேரனே பேசட்டும், சம்பந்தி வாங்கிப் பேச வேண்டாம்.

உன் நைனா,
ஏகாம்பரம்