முதலில் அனுப்பிய பிள்ளை

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஓ.பி.யில் நூற்று நாற்பது சீட்டு. மாத்திரை கொடுக்கும் இடத்தில் இரண்டு பேர் சண்டை. அதன் நடுவே ஜஹபர் நிஷா, மகள் லமீஸை இழுத்துக்கொண்டு வந்தாள். லமீஸுக்கு ஏழு வயது. ஆட்டிசம், பேச்சு வராது. கூட்டமும் ட்யூப் லைட்டும் அவளுக்கு ஆகாது, உள்ளே வந்ததுமே கத்துவாள். அதனால் எப்போதும் வரிசையில் நிறுத்தாமல் முதலில் அனுப்பிவிடுவேன். இரண்டு நாளாக வலது பக்கக் கன்னத்தில் தானே அடித்துக்கொள்கிறாளாம், லேசாக ஜுரமும். டாக்டர் விஜயராகவன் நாற்காலியில் இருந்தபடியே பார்த்து ஜுர மருந்து எழுதினார். இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் அடித்துக்கொள்ளும், பயப்படாதே என்று நானும் நிஷாவிடம் சொன்னேன். நாலே நிமிடம். இருபத்திரண்டு வருட நர்ஸ் சர்வீஸ். கூட்டத்தைக் கலைக்க என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி நிஷா.

"முன்னெல்லாம் இப்பிடி அடிச்சிக்க மாட்டா சிஸ்டர். காதுல எதனா இருக்குதான்னு பாத்துடுங்களேன்."

டார்ச்சை எடுத்தேன். லமீஸ் போட்ட கூச்சலில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, பழைய தொந்தரவுதான் சார் என்றேன். டாக்டர் அதே மருந்தை எழுதினார்.

ஜூலை 2, புதன்

நிஷா தனியாக வந்து, கூட்டம் இல்லாத நேரம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 9, புதன்

ஆஷா ஒர்க்கர் கார்குழலி சொன்னாள். லமீஸுக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. காதுக்குள் பிடித்த சீழ் பின்பக்கத்து எலும்பு வரை போய்விட்டதாம். உயிர் தப்பியது. வலது காது இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

காதுன்னு அவ அம்மா வாயத் தொறந்து சொன்னாளே. டார்ச் என் கையிலதானே இருந்துச்சி — ஏன் வச்சேன்? வேற ஒரு பிள்ள கன்னத்தப் புடிச்சிக்கிட்டு அழுதிருந்தா பாக்காம விட்டிருப்பேனா?

ஜூலை 10, வியாழன்

சோறு இறங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நிஷாவின் வீட்டுக்காரர் யாகூப், காந்தி வீதிச் சந்தையில் துணிக்கடை போட்டிருப்பார். இன்று மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நிஷா நிமிரவே இல்லை. லமீஸ் தலையைச் சுற்றிக் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் எங்கள எப்பவும் நிக்க விடாம முதல்ல அனுப்புவீங்க. அத நாங்க மறக்கல சிஸ்டர்" என்றார் யாகூப்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்காகவா முதலில் அனுப்பினேன்? சத்தம் சீக்கிரம் வெளியே போகட்டும் என்றுதானே. சீக்கிரம் அனுப்பி அனுப்பியே யாரும் அவளைப் பார்க்காமல் போய்விட்டோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாங்கிப்போன ஆப்பிளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

டாக்டரிடம் பேசினேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். மனது கிடக்கட்டும் சார், லமீஸ் மாதிரிப் பிள்ளைகளுக்காக வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூட்டமில்லாத ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். பேனாவை உருட்டிக்கொண்டு இருந்தார்.

"நானுந்தான் நாற்காலிய விட்டு எழுந்திருக்கல" என்றார் பிறகு. கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என்னைத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நோணாங்குப்பத்திலிருந்து ஒரு பையன், லமீஸைப் போலவே பேச்சு வராதவன். நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். என் வாயைத் திறந்து நானே டார்ச் அடித்துக் காட்டினேன். நாற்பது நிமிடம் கழித்து அவனும் திறந்தான். கடைவாயில் இரண்டு சொத்தைப் பல். மூன்று மாதமாகச் சோற்றைத் தட்டிவிடுகிறான் என்று அவனை அடித்தாளாம் அவன் அம்மா. அவளும் நானும் சேர்ந்து அழுதோம். நாற்பது நிமிடந்தானா? லமீஸுக்கு அதுகூட இல்லையே.

செப்டம்பர் 18, வியாழன்

நிஷா வந்தாள். லமீஸ் என்னைப் பார்த்ததும் கத்தவில்லை; சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தலைமுடி இன்னும் சரியாக வளரவில்லை. வலப் பக்கமாகப் பின்னால் போய் நின்று, லமீஸ், லமீஸ் என்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பயிற்சிக்கு வந்திருக்கும் ஹேமலதா எனக்குப் புத்தி சொல்லும் தோரணையில், இந்தப் பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்பாது மேடம், அது அவர்கள் சுபாவம் என்றாள். நிஷா தலை குனிந்துகொண்டாள்.

"இவ திரும்புவா. நான் நின்ன பக்கம் அவளுக்குக் காது கேக்காது. அவங்க அம்மா பாக்கச் சொன்னாங்க, நான் பாக்கல" என்றேன்.

நிஷா துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இத யாராச்சும் சொல்லுவாங்களான்னு இருந்தேன் சிஸ்டர்" என்றாள்.

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லமீஸின் இடது பக்கம் போய், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தேன். மணி மூன்று பத்து; நாலு மணி வரை நேரம் இருந்தது.