விதைநெல் இரண்டு மரக்கால்

கிழக்குத் தாம்பரம்
13.11.1967

அன்புள்ள தம்பி ஜெபசீலனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நலம். கிராம சேவக் சாரே, நீ மூன்று மாதப் பயிற்சி என்று ஆடுதுறைக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கார்டு. அதிலும் ஐ.ஆர்.எட்டு நெல் குட்டை, சாயாது, உரம் போட்டால் இரண்டு மடங்கு காணும் என்றே எழுதியிருக்கிறாய். பெண் பார்த்துவிட்டு வந்தவன் தோற்றான்! அக்கா சாப்பிட்டாளா என்று ஒரு வரி உண்டா?

நேற்று ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறது, காணிக்கை வைக்க வீட்டில் என்ன இருக்கிறது? சர்க்கார் விதை டிப்போவின் கூரை ஒழுகுகிறதென்று நீ இங்கே போட்டுவிட்டுப் போன விதை மூட்டையிலிருந்து இரண்டு மரக்கால் அளந்து வைத்தேன். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டபோது அந்த நெல்லைப் பின் தெரு புஷ்பம் எடுத்தாள். அவளுக்கு வாயெல்லாம் பல். கோபிக்காதே, நவரை நடவுக்கு மீதி போதும்.

உன் பிரியமுள்ள அக்கா,
ஞானஜோதி

ஆடுதுறை
15.11.1967

அக்கா,

அது சாப்பிடுகிற நெல் இல்லை. பூஞ்சணம் பிடிக்காதிருக்க விஷ மருந்து கலந்து வைத்தது. விதைக்கத்தான் ஆகும். ஊறப்போட்டு அவித்தால் மருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். மூட்டைக்குச் சீட்டுக் கட்ட மறந்தவன் நான்தான்.

தந்தி கொடுக்கப் போஸ்டாபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். விஷம் என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். சர்க்கார் விதையை வீட்டில் வைத்ததற்கே வேலை போகும், ஜெயிலில்கூடப் போடுவார்கள். அக்கா, உன் காலில் விழுகிறேன். புஷ்பத்திடம் விஷம் என்று வாய் திறக்காதே. சர்க்கார் நெல் தவறி வந்துவிட்டது, அளவு குறைந்தால் கேஸ் ஆகும் என்று சொல்லித் திருப்பி வாங்கு. நீ எழுதும் வரை எனக்குச் சோறு இறங்காது.

ஜெபசீலன்

கிழக்குத் தாம்பரம்
18.11.1967

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். புஷ்பத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. “தொடவேயில்லக்கா, அப்டியே கீது. சாயங்காலம் நானே கொண்டாந்து குடுக்குறேன்” என்றாள்.

கொண்டுவந்தாள். அளந்தேன், ஒரு பிடி குறையவில்லை. குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். நீ சாப்பிடு, ஐயா. ஏன் சாயங்காலம் வரை ஆயிற்று என்று அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

உன் பிரியமுள்ள அக்கா,
ஞானஜோதி

கிழக்குத் தாம்பரம்
22.12.1967

ஜெபசீலனுக்கு,

‘புஷ்பம் ஆஸ்பத்திரியில், மருந்தின் பெயர் அனுப்பு’ என்று தந்தி கொடுத்து மூன்று நாள் ஆகிறது. பதில் போட உனக்கு மனசு வரவில்லையா?

பத்து நாளாக அவளுக்கு விரல் மரத்துக் கிடக்கிறது. நடந்தால் தள்ளாடுகிறாள், பேச்சு குழறுகிறது. தந்தி கொடுத்த அன்று காலை அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அந்த நெல்ல வாங்கின அன்னிக்கே அவிச்சிட்டேங்கா. கேசு ஆகும்னு நீ சொன்னதும் பேஜாரா பூட்ச்சி. வண்டலூர்ல அம்மா வூட்டு நெல்ல வாங்கியாந்து உனக்கு அளந்து குடுத்தேன். அவருக்குப் புது அரிசி ஒத்துக்கல. மூணு வாரம் நான்தான் ஒளிச்சி வச்சித் துன்னேன்” என்றாள்.

அட பாவி! விஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே சாக்கடையில் கொட்டியிருப்பாளே. சொல்லிக்கொடுத்தவன் நீ, சொன்னவள் நான்.

விஷத்தின் பெயர் தெரியாமல் என்ன வைத்தியம் செய்வது என்று டாக்டர் கத்தினார். மூன்று நாள் உனக்காகக் காத்திருந்ததும் என் தப்புதான். இன்று காலை உன் ஆபீசரிடம் போய் மூட்டை, காணிக்கை, பொய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். உன் பெயரையும் எழுதிக்கொண்டார். உன்னைத் தேடி ஆள் வரும்.

அவள் கைக்கு உணர்வு திரும்புமா என்று கேட்டேன், டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அவள் புருஷன் யேசுதாசன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இது என்ன நோயென்று போகிற வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அவரிடம்தான் போகிறேன்.

ஞானஜோதி