தைக்காமல் வைத்திருக்கும் பூந்தடி

செட்டிகுளம்
14.11.2005

அன்பு மகள் இஷ்ராவுக்கு,

உங்கட ஆக்கள் எழுதுகிற மாதிரி சலாம் எழுத எனக்குச் சரியாகத் தெரியாது. பிழையாக எழுதி உன்ர மாப்பிள்ளை சிறாஜ் தம்பி சிரிக்கக்கூடாது என்று விட்டுவிட்டன். அங்கே புத்தளத்தில நீங்கள் ரெண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள்ளே கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தனான். இங்கே நானும் இவரும் இருக்கிறம். மழை தொடங்கிவிட்டது. குளத்துக்குக் கீழே எல்லாரும் விதைச்சு முடிச்சிட்டினம். உங்கட பழைய வளவுக் கிணறு மேல்கட்டு வரைக்கும் தண்ணி நிக்குது.

எழுத வந்த விசயம் இதுதான். மூன்றாவது 'பூந்தடி' முடிஞ்சுது. நானும் உன்ர சுஹறா சாச்சியும்தான் செய்து முடிச்சது. நீ நம்ப மாட்டாய். எங்களுக்கே நம்பிக்கையில்லை. நீயும் என்ர நிசாந்தினியும் பூக்கன்று விசரில் கையால எழுதித் தொடங்கின புத்தகம், இப்ப மூன்றாம் வகுப்புப் படிச்ச ரெண்டு பொம்பிளையளின்ர கையில வந்து நிக்குது.

ஒவ்வொரு இதழ் முடிஞ்ச பிறகும் நீங்கள் ரெண்டு பேரும் எங்கட குசினி வாசலில பிளேன்ரீயோட குந்தியிருந்து, எது சரி எது பிழை என்று பிரிச்சுப் பிரிச்சுக் கதைப்பீங்கள். முதல்ல பிழை, பிறகுதான் புகழ்ச்சி. அது அவள் போட்ட சட்டம். நான் அடுப்படியில நின்று கேட்டுக்கொண்டிருப்பன். இந்த முறை வாசலில ஆளில்லை. ஆனால் அவள் போட்ட சட்டத்தை விடக்கூடாது. அதனால நான் இங்கே இருந்து சொல்லுறன், நீ அங்கே இருந்து கேள்.

முதலாவது இதழை விட்டுவிடுவம். காபன் தாள் வைச்சு எழுதினது. கடைசித் தாளில எழுத்துத் தெரியாமல் ஆவி மாதிரிப் போயிருந்தது. கை பழகாத காலம்.

ரெண்டாவதில பிழை கூட. வவுனியாவுக்குக் கொண்டு போய் போட்டோக்கொப்பி அடிச்சு வந்தீங்கள். குரோட்டன் இலைப் படங்கள் எல்லாம் கறுப்பு. சிவப்பும் கறுப்பு, மஞ்சளும் கறுப்பு. இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, வீடு எரிஞ்ச பிறகு கீறின படமோ என்று கேட்டார். நிசாந்தினி ரெண்டு நாள் அப்பாவோட கதைக்கயில்லை. அதுக்குப் பிறகுதானே நீங்கள் உண்மையான இலையையே ஒட்டுவம் என்று கோதுமை மாவில பசை காய்ச்சினது. கரப்பான் பூச்சிக்கு நீங்கள் வைச்ச விருந்து அது. தவராசா வீட்டுக்குக் குடுத்த புத்தகத்தில இலையும் இல்லை, இலையைப் பற்றி எழுதினதும் இல்லை, நடுவில ஓட்டைதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்தீங்கள். அதை நினைச்சால் இப்பவும் எனக்குச் சிரிப்பு வருது. எந்தக் கன்று எந்த வீட்டில நிக்குது என்று ஊரும் பேரும் போட்டு எழுதினீங்களே. எங்கட ஆக்களுக்குத் தெரியாதா, கேட்டு வாங்கின தடி வேர் விடாது, களவாக முறிச்சு வந்து ஊன்றினால்தான் துளிர்க்கும் என்று? தமிழ் ஆக்கள், சோனக ஆக்கள், நாங்கள் மலையால வந்த ஆக்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளுற ஒரே கதை இதுதான். நீங்கள் கள்ளருக்கு வழி கீறிக் குடுத்த மாதிரிப் போச்சுது. புத்தகம் போய்க் கொஞ்ச நாளில சுஹறா வீட்டு ஜவாஹிர் நானாவின்ர குரோட்டன் வேலி, ஆடு கடிச்ச மாதிரி மொட்டையாக நின்றது. உன்ர சாச்சி புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு எங்கட படலையில வந்து நின்று ஏசினது ஞாபகமா? ஏசி முடிச்சுப் போகேக்க, அவவின்ர சீலைத் தலைப்புக்குள்ள எங்கட ரோசாத் தடி ஒன்று இருந்தது. நிசாந்தினி கண்டும் காணாத மாதிரி நின்றவள். பிறகு உள்ளுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சவள்.

உன்னைப் பற்றியும் ஒரு பிழை சொல்லவேண்டும். கோவிக்காதே. நீ எழுதின பந்திகள் வடிவு. ஆனால் ஒரு பக்கம் முழுக்க வாசிச்சும், எப்ப தண்ணி ஊத்துறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சுஹறா சொல்லுறா, அது கலியாணம் பேசுற காலத்தில எழுதினது, அதனாலதான் அப்படி என்று. சொன்னது அவ, நான் இல்லை.

இனி மூன்றாவதுக்கு வாறன்.

பாதிப் பக்கம் அவளே எழுதி வைச்சிருந்தாள். ரோசா எங்கட மண்ணில ஏன் முகம் சுளிக்குது என்று ஒரு பக்கம். அரிசி கழுவின தண்ணியை அம்மா ரோசாவுக்கு ஊத்திப்போட்டு எங்களுக்கு வெறுஞ்சோறு போடுறா என்று என்னை நக்கலடிச்சு ஒரு பக்கம். அதை எடுத்துவிடுவமா என்று சுஹறா கேட்டா. நான் விடவில்லை. ஒரு எழுத்துக்கூட மாத்தவில்லை. மிச்சத்தை நான் எழுதினன். தடியைச் சரிவாக வெட்டு, ஒரு கணு மண்ணுக்குள்ள இருக்கட்டும், வெயில் படாத இடத்தில வை, ஒவ்வொரு நாளும் பிடுங்கிப் பிடுங்கி வேர் வந்துட்டுதோ என்று பார்க்காதே. அவ்வளவுதான். எழுத்துப் பிழை இருக்கும். எல்லாருக்கும் விளங்கும்.

இலையை ஒட்டவில்லை. பழைய பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள்ள வைச்சு, மேலே நெல்லுச் சாக்கைத் தூக்கி வைச்சம். காய்ஞ்ச பிறகு காம்பில ரெண்டு தையல். கரப்பானுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பிழை வந்தது. குரோட்டன் காய்ஞ்சால் நிறம் செத்துப் போகுது, பொயிலை மாதிரி. அதனால இலைக்குப் பக்கத்தில நிறப் பென்சிலால சுஹறா நிறம் போட்டா. அவவுக்குத் தெரிஞ்ச சிவப்பு, கலியாண வீட்டுச் சிவப்புத்தான். ஊரில அப்படி ஒரு குரோட்டன் இல்லை. அடுத்த முறைக்கு நிறம் போட நீ வேண்டும்.

கொப்பி அடிக்க நான்தான் வவுனியாவுக்குப் பஸ்ஸில போனது. வழியில இறக்கிப் பையைப் பார்த்தினம். ஆமிக்காரன் இலையை எடுத்து மணந்து பார்த்தான். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில, பூ என்றதுக்கு மல், மல் என்றன். தாளைத் தூக்கி உதறினதில தையல் விட்டு ஒரு இலை கீழே விழுந்தது. அவனே குனிஞ்சு எடுத்துத் தந்தான், நுனி முறியாமல். அதைத் திரும்பத் தாளுக்குள்ள வைச்சுப்போட்டு பஸ்ஸில ஏறினன்.

வீட்டுப் பேர் ஒன்றும் போடவில்லை. அது நீங்கள் ரெண்டு பேரும் குசினி வாசலில எடுத்த முடிவு. அதை அப்படியே வைச்சிருக்கிறம்.

மகள், இனி எழுதப் போறதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு மாதம் போனது.

அவளின்ர செத்தவீட்டுக்கு நீ புத்தளத்தில இருந்து வந்து, படலைக்கு வெளியில நின்றுவிட்டு, உள்ளுக்கு வராமல் திரும்பிப் போனதாக சுஹறா சொன்னா. அதுக்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மில்காரர் பரமேஸ்வரன் வீட்டு மஞ்சள் அடுக்குச் செவ்வரத்தைத் தடி இல்லாமல் மூன்றாவது இதழ் வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அவள் எனக்கு வாசிச்சுக் காட்டினவள். வாசிக்க வாசிக்கச் சிரிச்சவள். நீ எழுதுறதுக்கு முதலே அவள் அந்தச் செவ்வரத்தையில கண் வைச்சிட்டாள். ஒரு மாதமாக அந்த ஒழுங்கையாலதான் பாலர் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போறவள், சுத்துப் பாதை என்றாலும். நீ சொல்லாவிட்டாலும் போயிருப்பாள்.

மைம்மல் நேரம், இருட்டுப்படேக்க, பின்வேலியால போனவள். காலடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று செருப்பை வேலிக்கு வெளியில கழட்டி வைச்சிருக்கிறாள். தேங்காய் மட்டைக் கும்பிக்குள்ள புடையன் பாம்பு கிடந்திருக்குது. ஓட்டோவில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க என்ர மடியில தலை வைச்சுக்கொண்டு ஒன்றுதான் திருப்பித் திருப்பிச் சொன்னவள். "அம்மா, இஷ்ராவிட்ட இதைச் சொல்லிப்போடாதேங்கோ. தன்ர பிழை எண்டு நினைப்பாள்."

அவள் சொன்னதைக் காப்பாத்த வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் எழுதவில்லை. ஆனால் நீ வேற வாயால கேட்டு அறிஞ்சிட்டாய். நான் சும்மா இருந்தால் நானும் அப்படி நினைக்கிறன் என்று நீ நினைப்பாய். இதில மட்டும் அவளின்ர சொல்லை மீறுறன். உன்னில எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இவருக்கும் இல்லை. இது ஆறுதலுக்கு எழுதுறது இல்லை.

எட்டாம் நாள் மில்காரரின்ர மனுசி அருந்ததி அக்கா வந்தா. எல்லாரும் போகும் வரைக்கும் இருந்தா. அடுப்படியில எனக்குப் பக்கத்தில வந்து குந்தி, "கேட்டிருந்தா குடுத்திருப்பனே மீனம்மா" என்றா. நான், "கேட்டு வாங்கினா வராதே அக்கா" என்றன். அவ அடுத்த நாளே அந்த மட்டைக் கும்பியை எரிச்சுப்போட்டா. இப்ப அவவின்ர பின்வேலி துப்பரவாகக் கிடக்குது, யார் வந்தாலும் தரை தெரியும்.

அந்தத் தடியைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். ஓட்டோவில ஏத்தேக்கையும் அவளின்ர கைக்குள்ள இருந்தது. நான்தான் பறிச்சுக் கிணத்தடிப் பக்கம் எறிஞ்சனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுப்பில வைச்சிருக்க வேண்டும். அது போய், குளிக்கிற தண்ணி ஓடுற சேத்துக்குள்ள குத்திக்கொண்டு நின்றிருக்குது. அதை ஒருத்தரும் ஊன்றவில்லை, தண்ணியும் ஊத்தவில்லை. பங்குனியில இவர்தான் கண்டவர். கூப்பிட்டுக் காட்டினார். நுனியில ரெண்டு இலை. அவள் களவெடுத்தது, வராமல் எங்கே போகும்.

இப்ப என்ர இடுப்பளவு நிக்குது. போன கிழமை முதல் பூ. அடுக்கடுக்காக, முட்டை மஞ்சள் நிறம், நடுவில மட்டும் மெல்லிய சிவப்பு. நான் பிடுங்கவில்லை. சாமிக்கும் வைக்கவில்லை. பின்னேரம் அதுவாகச் சுருங்கிச்சுது. இவர் சுத்திவர முள்ளுக்கொப்பு வைச்சு அடைச்சிருக்கிறார். ஆனால் கிணத்துப் பக்கம் ஒரு கை போறதுக்கு இடம் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டன். யாரும் வந்தால் முள்ளுக் குத்தக்கூடாதே என்றார்.

இந்தச் செவ்வரத்தையின்ர பக்கத்தை ஒருத்தரும் எழுதவில்லை. சுஹறா என்னை எழுதச் சொன்னா. எனக்கு ஏலாது. அது நீ கேட்ட கன்று, நீதான் எழுத வேண்டும். கடைசித் தாளை வெறுமையாக வைச்சிருக்கிறம். மிச்சத் தாள் எல்லாம் அடுக்கி, அவளின்ர கட்டிலில, மேலே ஒரு பலகை வைச்சுக் கிடக்குது. சாக்கு ஊசியும் நூலும் பக்கத்தில இருக்குது. அந்தத் தாள் வராமல் நான் தைக்க மாட்டன். ஒருத்தருக்கும் குடுக்கவும் மாட்டன். ஊரில கேட்டு நச்சரிக்கினம்.

தபாலில எழுதி அனுப்பினால் நான் வாங்க மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன். காணாத பூவைப் பற்றி எழுதினால் திரும்பவும் அந்த நீட்டுப் பந்திதான் வரும். பெருநாள் கழிஞ்சுதானே, சிறாஜ் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. நோன்புக் கஞ்சி இல்லை என்றாலும் நான் வைக்கிற கஞ்சி இருக்குது.

வந்தால் என்னட்டத் தடி கேட்காதே. கேட்டால் நான் தர மாட்டன். நான் குசினிக்குள்ள, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கிணத்தடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பன். இவர் வயலுக்குப் போயிருப்பார். நீ முறிக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. கொண்டு போய் புத்தளத்து மண்ணில ஊன்று.

ஆனால் வெளிச்சத்தோட வா மகள். பின்பக்கத்தால வராதே, படலையாலேயே வந்து களவெடு. செருப்பைக் கழட்டாதே. சத்தம் கேட்டால் கேட்கட்டும். செருப்புப் போட்டுக்கொண்டு வா.

நீ ஊன்றுறதெல்லாம் துளிர்க்க வேண்டும் என்று நினைக்கிற,
நிசாந்தினியின்ர அம்மா
மீனம்மா