தலையில்லாத படம்

அன்பின் கத்தரீனா,

நீரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தேவதாயை மன்றாடுகிறேன். மாமியின் இருமல் குறைந்துவிட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆட்கள் எல்லோரும் பஸ் பிடித்து, பகேரியாவுக்கு அப்பால் ஒரு பழைய வெந்நீர்க் குளியல் மாளிகையைப் பார்க்கப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். எல்லோரும் சோடியாக வந்திருந்தார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் சோற்றுப் பானைதான் இருந்தது.

என்னோடு அறையில் இருந்த றஞ்சித்தை உமக்குத் தெரியும்தானே? அவனுடைய மனிசி மொனிகா வந்து இரண்டு மாதம்தான். மாளிகையில் கணவனும் மனைவியும் குளிக்க அருகருகே வைத்த இரண்டு பளிங்குத் தொட்டிகள் இருந்தன. அங்கே அவள் தன் சால்வையால் அவனுடைய வேர்வையைத் துடைத்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

“கிறிகோரி அண்ணை, எங்களை ஒரு படம் எடுங்கோ.”

எனக்கு வயிறு எரிந்தது. வேண்டுமென்றே இருவரின் தலையும் விழாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பார்த்துவிட்டுக் கோபிக்கவில்லை. “பரவாயில்லை அண்ணை. அக்கா வந்தாப்பிறகு நாலு பேருமா வந்து எடுப்பம்” என்றாள்.

வெட்கமாய்ப் போய்விட்டது. போனைத் திரும்ப வாங்கி வடிவாக எடுத்துக் கொடுத்தேன். இதை உம்மோடு போனில் கதைக்க வாய் வரவில்லை.

உம்மை இங்கே கூப்பிடத் தேவையான கலியாணப் பதிவுத் துண்டை ஆறுதலாக அனுப்பினால் போதும் என்று போன கிழமை சொன்னேன். அப்படிச் செய்ய வேண்டாம். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே அரசாங்கக் கச்சேரிக்குப் போய் எடும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு ஊருக்கு வருகிற தனேஸ் வாசலில் நின்று கூப்பிடுகிறான்.

உம்முடைய
கிறிகோரி