மச்சானிடம் ஒரு கேள்வி

மகாராணிக்கு,

நீ தூங்குகிறாய், அல்லது கோபத்தில் தூங்குவதுபோல் கிடக்கிறாய். எழுப்பத் தைரியமில்லை. அமைச்சர்களை அதட்டும் வீரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சாவி டிவி மேல்.

"என் அண்ணனை ஊர் முன்னாடி மடக்காதீங்க"ன்னு நேற்று சொன்னாய். இந்த வாரம் வேறு யாராவது பேட்டி எடுக்கட்டும் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். மச்சான்தான், "மாப்பிள்ளை கேட்டாத்தான் வருவேன்" என்று அடம்பிடித்தார். சுகாதார அமைச்சரான தன்னை நான் தலையணை போட்டு உட்கார வைப்பேன் என்று நினைப்பு!

இத்தனை வருஷமாக வாராவாரம் எல்லோரையும் குடைந்துவிட்டு, இன்று மட்டும் குசலம் விசாரித்தால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு உட்காருவேன்? முதல் கேள்வியே இதுதான்: "அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டை மூடிட்டீங்களே, திடீர்னு வலி எடுத்தா அந்த ஊர்ப் பொண்ணு எங்கே போவா?"

செய்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் இதைக் கேட்டவள் நீதான். எனக்கு இவ்வளவு நல்ல கேள்வி தோன்றியதே இல்லை.

வழக்கமாகப் பாய்வதுபோல் இன்று பதிலுக்குக் குறுக்கே பாயமாட்டேன். மச்சானுக்கு அந்த ஒரு சலுகை.

பி.கு.: முடிந்ததும் நேராக உன்னிடம்தான் வருவார். சாப்பாடு போடு. என்னைத் திட்டினால் நீயும் சேர்ந்து திட்டு. அவர் கை கழுவும்வரை நான் தெருமுனை டீக்கடையில் இருப்பேன்.

இன்னொன்று: என்னிடம் அவர் மழுப்பிவிட்டால், சாப்பாடு போடும்போது நீயே ஒருமுறை கேள். தங்கச்சியிடம் மழுப்ப அவருக்கு வராது.